விசிறியில் மூங்கில்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் ஜப்பானிய மடக்கு விசிறிகளில் மை ஓவியம் வரைவது பற்றி எழுதியிருந்தேன். கணவரின் வேலைக்காகக் கியோட்டோவில் வாழ்ந்த 11 வருடங்களில், 8 வருடம் வியாழக்கிழமைதோறும் ஒரு வயதான அம்மாவிடம் இந்த ஓவியம் படித்தேன் என்பதையும் சொல்லியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, ஆன்லைனில் வெள்ளை விசிறி ஒன்று வாங்கி, கறுப்பு மையில் மூங்கில் வரைந்தேன். பிரஷ் பட்ட இடமெல்லாம் மை ஊறிச் சிலந்திக்கால் மாதிரி பரவிவிட்டது. மடிப்புகளில் மை தேங்கிக் கறுப்புக் கோடாக நிற்கிறது. தப்பு என் கையிலா, விசிறியிலா?
– கல்லூரி மாணவர், திருச்சி

உங்கள் கையில் தப்பில்லை, தம்பி. நானும் முதல் வருடம் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததென்று 6 வெள்ளை விசிறி வாங்கி, ஆறையும் இப்படித்தான் பாழாக்கினேன். வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன்.

இரண்டு காரணங்கள். முதலாவது, காகிதம். மை பரவாமல் இருக்க ஜப்பானியக் காகிதத்தின் மேல் ஒரு நீர் பூசுவார்கள். அதற்குப் பெயர் 'தோசா'. ஆமாம், நம் தோசையை நினைவுபடுத்தும் பெயர்தான். வகுப்பில் முதல்நாள் கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அதில் இருப்பது இரண்டே பொருள்: விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசை, அப்புறம் படிகாரம். அந்தப் பசையை அங்கே 'நிகாவா' என்பார்கள். நம் ஆசாரிகள் மரம் ஒட்ட வைத்திருந்த வச்சிரத்தின் உறவுதான். இரண்டையும் வெந்நீரில் கரைத்து மெலிசாகப் பூசிக் காயவிட்டால், மை காகிதத்துக்குள் ஓடாமல் மேலேயே நிற்கும். படிகாரம் கூடினால் நாளடைவில் காகிதம் பழுத்து முறியும். ஆகவே பசையில் பாதிக்கும் குறைவாகவே படிகாரம் சேருங்கள். நீங்கள் வாங்கிய விசிறியில் இந்தப் பூச்சு இருந்திருக்காது.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். கியோட்டோவின் விசிறி ஓவியர்கள் விசிறியின் மேல் வரைவதே இல்லை! விசிறியாக மாறப்போகிற தட்டைக் காகிதத்தில் வரைகிறார்கள். நடுவில் ஒரு தாள், இரண்டு பக்கமும் மெல்லிய தோல் மாதிரி இரண்டு தாள்கள் என்று ஒட்டி, விசிறி வடிவத்தில் வெட்டியிருப்பார்கள். அதற்கு 'ஜிகாமி' என்று பெயர். படம் முடிந்த பிறகு, அந்தத் தாளை லேசாக ஈரமாக்கி, ஏற்கெனவே மடிப்பு விழுந்த இரண்டு கெட்டித்தாள் அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சேர்த்து மடிப்பார்கள். அப்புறம் நடுத்தாளைப் பிளந்து, வாயால் ஊதி மடிப்புக்குள் துவாரம் திறந்து, பசை தடவிய மூங்கில் குச்சிகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகுவார்கள். நல்ல விசிறியில் முன்னும் பின்னும் குச்சி கண்ணில் படாமல் இருப்பது இதனால்தான். ஒருவர் குச்சி சீவுவார், ஒருவர் தாள் ஒட்டுவார், ஒருவர் வரைவார், ஒருவர் மடிப்பார். ஒரு விசிறி முடிவதற்குள் 87 முறை கைமாறும் என்று கியோட்டோவில் சொல்வது வழக்கம். குச்சிகள் பெரும்பாலும் பக்கத்து ஷிகா மாவட்டத்தின் அடோகாவா பகுதியிலிருந்து வருகின்றன.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். விசிறியை ஒரு தாளின் மேல் விரித்து வைத்து, வெளிக்கோட்டை மட்டும் பென்சிலால் எடுத்துக்கொள்ளுங்கள். அதேபோல் 20 தாள் வெட்டி, அவற்றில் பழகுங்கள். கடைசியில்தான் விசிறியைத் தொட வேண்டும். அப்போதும் பிரஷ்ஷை ஒரு துணியில் ஒற்றி, ஈரம் குறைத்து வரையுங்கள். தயாரான விசிறியில் தண்ணீர் அதிகம் பட்டால் உள்ளே குச்சியின் பசையே விட்டுவிடும். வாங்கும்போது மடிப்பு எண்ணிக்கை குறைவாக, மடிப்பு அகலமாக இருக்கிற விசிறியாகப் பாருங்கள். டோக்கியோப் பக்கத்து 'எடோ விசிறி' அந்த ரகம். 15 முதல் 18 மடிப்புதான் இருக்கும். கியோட்டோ விசிறியில் மடிப்பு நெருக்கமாக இருக்கும், புதிதாகப் பழகுகிறவர் கைக்குக் கஷ்டம்.

சகோதரி, நான் 34 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன். பாட்டிலில் கிடைக்கும் கறுப்பு மையை விட்டு, மைக்கட்டியைக் கல்லில் அரை மணி நேரம் தேய்ப்பதில் ஓவியத்துக்கு என்ன லாபம்? அது சடங்குதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

ஐயா, பழகுவதற்குப் பாட்டில் மை போதும். என் வீட்டிலும் ஒரு பாட்டில் உண்டு. ஆனால் நிறம் என்று வந்தால் இரண்டும் ஒன்றல்ல.

நாரா நகரத்தில் ஒரு பிற்பகல் முழுக்க மை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஜப்பானின் மைக்கட்டிகளில் மிகப் பெரும்பங்கு அந்த ஊரில்தான் செய்யப்படுகிறது. 1577இல் தொடங்கிய கோபாய்என் என்ற பட்டறை இன்னும் நடக்கிறது. இருட்டு அறையில் வரிசையாக மண் அகல்கள், உள்ளே எண்ணெய், கோரைத் திரி. ஒவ்வொரு சுடருக்கும் மேலே ஒரு மண் மூடி. மூடியின் உள்பக்கத்தில் கரி படியும். ஒரே இடத்தில் படியாமல் இருக்க மூடியை அவ்வப்போது திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பாட்டி கண்மைக்குப் புகை பிடித்த அதே வேலை, நூறு மடங்கு பெரிதாக! அந்தக் கரியோடு நிகாவாப் பசை, போர்னியோக் கற்பூரம் சேர்த்துப் பிசைந்து மர அச்சில் அழுத்துவார்கள். கற்பூரம், பசையின் வாடையை மறைக்க. கட்டியைத் தேய்க்கும்போது எழும் வாசனை நம் பச்சைக்கற்பூரத்துக்கு ரொம்பக் கிட்டே. அச்சிலிருந்து எடுத்த கட்டியை நேரே காற்றில் வைத்தால் வெடித்துவிடும். சாம்பலுக்குள் புதைத்து, ஈரச் சாம்பலிலிருந்து உலர்ந்த சாம்பலுக்கு நாளுக்கு நாள் மாற்றி, பிறகு வைக்கோல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். பசை கெடும் என்பதால் வேலை குளிர்காலத்தில் மட்டும்.

எண்ணெய்க் கரியில் செய்த கட்டி, தண்ணீரில் நீர்த்தால் பழுப்புச் சாயலுக்குப் போகும். பைன் மரத்தை எரித்து எடுத்த கரியானால் நீலச் சாயல். தூரத்து மலைக்கு நீலம், முன்னால் நிற்கும் கிளைக்குப் பழுப்பு என்று, ஒரு வண்ணமும் தொடாமல் தூரம் காட்டிவிடலாம். மலிவான பாட்டில் மையை நீர்த்தால் எனக்குக் கிடைப்பது ஒரே சாம்பல் நிறம்தான். நீங்கள் மாணவர்களுக்கு நீர்வண்ணம் சொல்லிக்கொடுத்தவர். அரை மணி நேரத்தில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

தேய்க்கும் கல்லில் மேடான பகுதிக்கு அவர்கள் 'நிலம்' என்றும், மை வழிந்து நிற்கும் பள்ளத்துக்குக் 'கடல்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். நிலத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியை அழுத்தாமல், அதன் கனத்திலேயே வட்டமாக நகர்த்துங்கள். அழுத்தினால் மை பொரபொரப்பாகிவிடும். முடிந்ததும் கட்டியைத் துடைத்து எடுத்துவிட வேண்டும், கல்லோடு விட்டால் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்க வராது. மதுரை வெயிலில் அரைத்த மையை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பசை அழுகி நாறும், கரி திரிந்து கட்டி கட்டியாகும்.

விசிறியில் மலையும் ஆறும் வரைந்தால், வீடு சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கிறது. அடிக்கோட்டை நேராகப் போட்டாலும் கோணல், வளைத்துப் போட்டாலும் கோணல். என்ன செய்வது?
– வாசகி, புதுச்சேரி

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. விசிறி ஓவியத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

விசிறிக்கு நான்கு மூலை கிடையாது. மேலே பெரிய வளைவு, கீழே சின்ன வளைவு. எல்லா மடிப்பும் கீழே ஒரு ஆணியை நோக்கி ஓடுகிறது. அந்த ஆணியின் பெயர் 'கனமே'. ஒரு விஷயத்தின் மையப்புள்ளிக்கே ஜப்பானியர் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். உங்கள் படத்துக்கு 'மேல்' என்பது, நடுவில் ஒரு திசை, இடது ஓரத்தில் வேறொரு திசை, வலது ஓரத்தில் இன்னொரு திசை. வீட்டை இடது ஓரத்தில் வைத்து, தாளின் அடிப்பக்கத்துக்கு நேராக நிமிர்த்தினால் விழுகிற மாதிரிதான் தெரியும்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோட்டோவில் சோதத்சு என்று ஓர் ஓவியர் இருந்தார். 'தவராயா' என்ற கடை நடத்தியவர். விசிறியும் அலங்காரத் தாளும் செய்து விற்ற கடை அது. கென்னின்ஜி கோயிலின் காற்றுத்தெய்வம்–இடித்தெய்வம் மடக்குத் திரைகளை வரைந்தவரும் இவரே. கியோட்டோவின் தைகோஜி கோயிலில் அவர் பெயரில் உள்ள ஒரு திரையில் விசிறி ஓவியங்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தச் சிக்கல் அவிழ்ந்தது. வளைவோடு அவர் மல்லுக்கட்டவில்லை. வளைவின் ஓட்டத்திலேயே கரையும் பாதையும் கிளையும் போகின்றன. ஒரு பக்கம் நுழைந்து, வளைந்து, இன்னொரு பக்கம் தாளுக்கு வெளியே போய்விடுகின்றன. நிமிர்ந்து நிற்க வேண்டியது ஏதாவது இருந்தால் நடுவுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஓரங்களை ஓடுகிற, சாய்கிற, பறக்கிற பொருள்களுக்கு விடுங்கள்.

மடிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூங்கில் தண்டை மடிப்புக் கோட்டுக்கு இணையாகப் போட்டால், பாதி விரித்த விசிறியில் அது மடிப்புக்குள்ளேயே ஒளிந்துவிடும். கோட்டின் மேலேயே விழுந்தால் பத்து தடவை திறந்து மூடுவதற்குள் மை உதிரும். நான் தண்டைக் குறுக்காகச் சாய்த்து, நான்கைந்து மடிப்பைக் கடக்க வைப்பேன். திறக்கத் திறக்க ஒவ்வொரு கணுவாக வெளியே வரும். மனித முகம், பறவையின் கண் இரண்டையும் மடிப்பின் முதுகில் வைக்கவே கூடாது.

தண்டுக்குப் பிரஷ்ஷில் மை ஏற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பிரஷ் முழுக்க வெளிர் மை. அப்புறம் பாதி உயரம் வரை நடுத்தர மை. கடைசியில் நுனியில் மட்டும் அடர் மை. பிரஷ்ஷைப் படுக்க வைத்து ஒரே இழுப்பு: ஒரு கரை கறுப்பு, மறு கரை வெளுப்பு, நடுவில் உருண்டை. திரும்ப அதன் மேல் தொடக் கூடாது. கணுவில் ஒரு நொடி நின்று, பிரஷ்ஷை எடுத்து, ஒரு நூல் இடைவெளி விட்டு அடுத்த இழுப்பு. முதல் மூன்று மாதம் எங்கள் ஆசிரியை என்னைத் தண்டு தவிர வேறு வரைய விடவில்லை. இலை நான்காம் மாதம்தான் வந்தது. அன்று கொண்டாடுவதற்காக இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

எவ்வளவு வெற்றிடம் விடலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பாதிக்கு மேல் விடுங்கள். விசிறி தூரத்தில் தொங்குகிற படம் இல்லை. கைக்குள் அசைந்துகொண்டே இருப்பது. நெருக்கமாக வரைந்தால் அசைவில் எல்லாம் கலங்கித் தெரியும்.

பழைய விசிறி ஓவியங்கள் இன்னும் இருக்கின்றனவா? காகிதம்தானே, எப்படித் தாக்குப்பிடித்தன?
– வாசகர், யாழ்ப்பாணம்

காகிதத்துக்கு முன்னால் மரம் இருந்தது. மடக்கு விசிறி ஜப்பானில் பிறந்த பொருள். ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் மெல்லிய பட்டைகளை நூலால் கோத்துச் செய்ததுதான் முதல் வடிவம். கியோட்டோவின் தோஜி கோயிலில், கருணையின் போதிசத்துவரான ஆயிரம் கை கண்ணோன் சிலையின் ஒரு கைக்குள்ளிருந்து அப்படி ஒரு விசிறி கிடைத்தது. அதன் மேல் 877ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. பிறகு வந்த காகித விசிறிக்கு ஒரு பக்கம் மட்டும் தாள். அதை 'கவஹொரி' என்றார்கள், அதாவது வௌவால். அது சீனாவுக்குப் போய், இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய விசிறியாக ஜப்பானுக்கே திரும்பி வந்தது.

ஒசாகாவின் ஷிதென்னோஜி கோயிலில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, விசிறி வடிவத் தாளில் எழுதிய புத்த சூத்திர ஏடுகள் உள்ளன. எழுத்துக்கு அடியில் வண்ணத்தில் அன்றாட வாழ்க்கை: கிணற்றடியில் பெண்கள், கடைவீதி. சூத்திரத்துக்கும் அந்தக் காட்சிகளுக்கும் சம்பந்தமே இல்லை. நான் அதிக நேரம் பார்த்தது கிணற்றைத்தான்.

தாக்குப்பிடித்ததற்கு முக்கியக் காரணம், விசிறி வீணானாலும் தாளைத் தூக்கிப் போடவில்லை. குச்சியிலிருந்து உரித்துத் திரையில் ஒட்டிக்கொண்டார்கள். அந்த மாதிரித் திரைகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், பலவற்றில் மடிப்புத் தடம் தெரியும். ஓகாதா கோரின் (1658–1716) வரைந்த விசிறி ஓவியங்களை ஒரு கைப்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். அது நாராவின் யமாதோ புன்காகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தப்பிக்காமல் போன விசிறிகளைப் பற்றியும் ஒரு கதை உண்டு. இகெ நோ தைகா (1723–1776) சிறு வயதிலேயே விசிறி வரைந்து விற்றவர். ஒருமுறை விசிறிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார், ஒன்றுகூட விற்கவில்லை. திரும்பும் வழியில் செதா பாலத்தின் மேல் நின்று, அத்தனையையும் நீருக்குத் தெய்வமான நாகராஜனுக்குக் காணிக்கை என்று ஆற்றில் போட்டுவிட்டார் என்று சொல்வார்கள். அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

தங்கை கல்யாணத்துக்கு விசிறி வரைந்து கொடுக்கலாமா? என்ன வரையலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

தாராளமாக. நுனிக்குப் போகப் போக அகலமாகிறது என்பதால் ஜப்பானில் விசிறி மங்கலப் பொருள். 'சுஎஹிரோ' என்பது அதன் இன்னொரு பெயர். நுனி விரிவது என்று பொருள். நிச்சயதார்த்தச் சீரில் ஒரு ஜோடி வெள்ளை விசிறி வைப்பார்கள். பைன், மூங்கில், பிளம் பூ மூன்றும் சேர்ந்தது அங்கே சுபகாரியப் படம். பைனும் மூங்கிலும் குளிரில் பச்சை மாறாது, பிளம் குளிர் முடியும் முன்பே பூக்கும். மூன்றையும் நெருக்கிப் போடாமல், ஒரே ஒரு பிளம் கிளை போட்டாலே போதும்.

பெயருக்குக் கீழே சிவப்பு முத்திரை வைப்பதானால் கவனம். அந்தச் சிவப்புப் பசையில் விளக்கெண்ணெய் இருக்கிறது, சீக்கிரம் காயாது. விசிறியை மூடினால் எதிர் மடிப்பில் இன்னொரு முத்திரை பதிந்துவிடும். என் தோழிக்குக் கொடுத்த விசிறியில் அப்படி ஆகி, இன்றும் அதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. மடிப்புக்குள் ஒரு துண்டு மெல்லிய தாளைச் செருகி, சில வாரம் விட்டுவிடுங்கள்.

நீங்கள் வரைந்த விசிறிகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்களா? எனக்கு ஒன்று பரிசாக வந்திருக்கிறது, பயன்படுத்த மனசு வரவில்லை.
– வாசகி, திருநெல்வேலி

மாட்டவில்லை. நீங்களும் மாட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எடோ காலத்தில் (1603–1868) கோடை வந்தால் தெருத்தெருவாக விசிறித்தாள் விற்கிறவர்கள் வருவார்கள். பழைய குச்சியைக் கொடுத்தால் கிழிந்த தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் போட்டுத் தருவார்கள். குச்சி பல வருடம், தாள் ஒரு கோடை. எங்கள் ஆசிரியை ஜூன் மாதம் தனக்கு ஒரு புது விசிறி வரைவார். செப்டம்பர் முடிவில் அதைப் பார்த்தால் வலது ஓரம், கட்டைவிரல் தள்ளித் திறக்கிற இடம், மை தேய்ந்து வெளுத்திருக்கும். நான் ஊருக்குக் கிளம்பிய வருடம், தேய்ந்த அந்த விசிறியைத்தான் எனக்குக் கொடுத்தார். சென்னையில் கரண்ட் போகிற மே மாத இரவுகளில் அதைத்தான் வீசிக்கொள்கிறேன். மூங்கிலின் மூன்றாவது கணு இப்போது பாதிதான் இருக்கிறது.

பயன்படுத்தும்போது இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுக்காதீர்கள். வலது கைக் கட்டைவிரலால் மேல் குச்சியை மெல்லத் தள்ளி, மீதியை இடது கையால் விரியுங்கள். டக்கென்று உதறித் திறப்பது மேடைக்கு அழகு, காகிதத்துக்கு ஆகாது. வியர்வைக் கையைத் துடைத்துவிட்டு எடுங்கள். மழைக்காலத்தில் மூடி, புதிதாக வாங்கும்போது சுற்றியிருக்கும் காகித வளையத்தை மறுபடி மாட்டிவையுங்கள், மடிப்பு பிரியாது. அந்த வளையத்தை எறிந்துவிட்டீர்களானால், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தாளை வெட்டிச் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம்.